புன்னைக்காயல் மக்களுக்கு இந்தப் பாட்டு

புன்னைக்காயல் இஞ்ஞாசி மகள் ஞானசௌந்தரி என்று கேட்டால் ஊருக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. ரேடியோ மயினி என்று கேட்டுப் பாருங்கள், வேம்பாரிலிருந்து ஆலந்தலை வரைக்கும் வலை போடுகிறவன் அத்தனை பேரும் சிரிப்பான். மயினி என்றால் அண்ணன் பெண்டாட்டி; அவளிடம் எந்த அளவுக்குக் கேலி பேசலாமோ அந்த அளவுக்குப் போன் போட்டுப் பேசுவார்கள். அவளும் சும்மா விடமாட்டாள். "ஏலே, உன் பொண்டாட்டிக்குப் பாட்டுக் கேக்கியா, இல்ல அவ தங்கச்சிக்கா?" என்று ஊரறிய மானத்தை வாங்குவாள்.

அவள் தாத்தா கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிப் போய்வந்த தண்டல். தாத்தாவின் தம்பி முத்துக்குளித்தவர். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினால் மேலே கயிறு பிடித்திருப்பவன் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவானாம், அப்படி மூச்சடக்குவாராம். அந்த மூச்சு பேத்திக்கு வந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு பேச்சை எடுத்தால் முடிக்காமல் விடமாட்டாள். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் ஜெபம் ஒப்பிக்க எழுந்தவள், பாதியில் மணியடித்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவிட்டபோதும் தனியாக நின்று ஆமென் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அக்காளுக்காகக் காத்து வாசலில் நின்ற தம்பி செல்வினுக்குப் பசியில் கண்ணீரே வந்துவிட்டது. இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அவளைக் கேலி செய்வான்.

தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டாள். புருஷன் கிருபாகரன் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச ஆளில்லாத குறைக்குத்தான் ரேடியோவுக்குப் போனாள் என்பார்கள் நாத்தனார்மார். அப்போது உப்பளக்காரர் வெள்ளத்துரை அண்ணாச்சி, பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு மருந்துக்கடை மாடியில் சங்கு எஃப்.எம். என்று ஆரம்பித்திருந்தார். வாசலில் பெரிய சங்கு போட்ட போர்டு. காலையில் கடல்காரர்களுக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும், கச்சான் காற்று எது கொண்டல் காற்று எது என்று தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடினார். இவள் கிடைத்தாள்.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடிகிறவரைக்கும் எந்த வள்ளமும் கடலில் இறங்காது. ஏற்கெனவே போனவர்கள் விஷயம் தெரிந்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். முன்னெல்லாம் கோயில் துக்கமணி அடிப்பார்கள், காற்று வாட்டமாக இருந்தால் கேட்கும். பிறகு மோட்டார் வந்து வள்ளங்கள் தூரம் போயின. செல்போன் டவர் பாதியிலேயே கையை விரித்துவிடும். ஆனால் எஃப்.எம். எடுக்கும். வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், ஒரு சின்ன ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் அவள், "அண்ணாச்சி, ஊர்ல சாவுன்னா ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லிரலாமா? கடல்ல இருக்கவ்வொ தெரிஞ்சுக்கிடுவாவ" என்று கேட்டாள்.

வெள்ளத்துரை அண்ணாச்சி பதறிவிட்டார். "ஏ தாயே, தனியார் ரேடியோவுல செய்தி வாசிக்கக் கூடாது. லைசென்ஸைப் பிடுங்கிருவான். பாட்டுப் போடு, காத்து எப்படின்னு சொல்லு, அதோட விடு."

பாட்டுத்தானே போடலாம்? அவள் அப்பா இஞ்ஞாசி கடலுக்குப் போகாத நேரத்தில் கோயில் பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுகிறவர். சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டு அவர் ஊதுகிற ஒரு மெட்டு, கல்லையும் கரைக்கும். அப்பாவைப் பஸ்ஸில் கூட்டிவந்து ஸ்டுடியோவில் உட்காரவைத்து அதை ஊதச் சொன்னாள். மனிதர் குளிர்சாதன அறையில் நடுங்கிக்கொண்டு, "ஏளா, பொணம் இல்லாம எப்படி ஊத?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

அன்று முதல் அதுதான் ஏற்பாடு. கோயில் பங்குச்சாமி வீட்டிலிருந்தோ ஊர்க் கமிட்டியிலிருந்தோ அவளுக்குப் போன் வரும். அவள் ஓடுகிற பாட்டை நிறுத்துவாள். "ஆலந்தலை மக்களுக்கு இந்தப் பாட்டு" என்பாள், கேலி இல்லாத குரலில். கிளாரினெட் வரும். யார், எப்படி என்று ஒரு சொல் கூடச் சொல்லமாட்டாள். ஆலந்தலை வள்ளங்கள் அணியத்தைக் கரைக்குத் திருப்பும். மற்ற ஊர்க்காரர்கள் தலைத்துணியை அவிழ்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். எத்தனையோ பேர் அப்படித் திரும்பி வந்து பெற்ற தாய்க்கு மண் போட்டிருக்கிறார்கள்.

வெள்ளத்துரை அண்ணாச்சியின் மகன்கள் வெளிநாட்டில் தங்கிவிட்டார்கள். அவருக்கும் முழங்கால் போய்விட்டது. மாடிப்படி ஏற முடியாத நாளில் ரேடியோவை மதுரைக்காரர் ஒருவருக்குக் கைமாற்றினார். சங்கு போய்த் தமிழ்த்தேன் எஃப்.எம். ஆனது. போர்டில் சங்குக்கு மேலே தேன்கூடு வந்தது, ராத்திரிக்குப் பழைய பாட்டு வந்தது, மற்றபடி மயினி மயினியாகவே இருந்தாள். அந்தத் தேன்கூடும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்கவில்லை. சென்னைக் கம்பெனி ஒன்று பல ஊர் ரேடியோக்களோடு இதையும் சேர்த்து வாங்கியது. தடால் எஃப்.எம். என்று பெயர் வைத்தார்கள். சிவப்புப் போர்டு. அளவு கொஞ்சம் சின்னதாகிப்போனதால் அடியில் பழைய சங்கின் வால் மட்டும் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

புது ஸ்டேஷன் ஹெட்டாகப் பாண்டியராஜ் என்று ஒரு பையன் வந்தான். கோயம்புத்தூரில் இருந்து மாற்றி அனுப்பப்பட்டவன், குணத்தில் ஒன்றும் மோசமில்லை. அவன்தான் புது முறையைச் சொன்னான். எல்லா ஊருக்கும் ஒரே பாட்டு, சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் போடும். நடுவில் பேச வேண்டியதை இங்கே முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிட வேண்டும். காலையில் ஒரு கொஞ்ச நேரம் மட்டும் நேரடி.

"மத்தியானம் பேச வேண்டியதைக் காலையிலயே பேசவா? மத்தியானம் மழை பெஞ்சா?" என்றாள் அவள்.

"மழையைப் பத்திப் பேசாதீங்க மேடம். சந்தோஷமா பேசுங்க. அது எல்லா நாளுக்கும் சரியா இருக்கும்."

அப்படியே பேசினாள். பெட்டி பெட்டியாகச் சிரிப்பு. கண்ணாடி அறையில் தனியாக உட்கார்ந்து, யாரும் கேலி செய்யாமலே பதில் கேலி செய்தாள். மத்தியானம் வீட்டுக் குசினியில் மீன் அறுக்கும்போது பக்கத்து வீட்டு ரேடியோவில் அவளே சிரிப்பாள். முதல் நாள் கத்தி விரலில் பட்டுவிட்டது.

அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த வீட்டிலிருந்து அப்பாவின் கிளாரினெட் கேட்டது. அவள் நேரடி நேரம் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். கிளாரினெட்டுக்கு அடியில் டமடமவென்று டிரம் போட்டிருந்தார்கள். மேலே அவள் குரல்: "வேம்பார் மக்களுக்கு இந்தப் பாட்டு!" பிறகு ஒரு ஆம்பளைக் குரல்: "தடால்!"

சென்னையில் யாரோ பழைய ரெக்கார்டிங்குகளைக் குடைந்திருக்கிறார்கள். மெட்டு பிடித்திருக்கிறது. ஊர்ப் பெயர்களை அவள் வாயாலேயே சொன்னதும் அதில் இருந்திருக்கிறது. இரண்டையும் ஒட்டி, நாளுக்கு இத்தனை தடவை என்று கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டார்கள்.

வேம்பாரில் அன்றைக்கு ஒருவரும் சாகவில்லை. நல்ல பாடு, வலை நிறையச் சீலா மீன். வள்ளங்கள் அத்தனையும் வலையை அப்படியே வாரிப்போட்டுக்கொண்டு கரைக்கு வந்தன. கரையிலிருந்த பெண்கள், ஆண்கள் திரும்பி வருவதைப் பார்த்து, யார் வீட்டிலோ என்று தலையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வந்தவர்கள் இவர்களைப் பார்த்து அலற, இவர்கள் அவர்களைப் பார்த்து அலற, கடைசியில் எல்லாரும் உயிரோடு நின்றார்கள்.

சாயங்காலம், மறுநாளுக்குப் பேசிக் கொடுக்க அவள் ஸ்டேஷனுக்குப் போயிருந்தபோது, வேம்பார்த் தொம்மை அண்ணாச்சி நாலைந்து பேரோடு மாடியேறி வந்தார். மீன் வாடையில் குளிர்சாதன அறை நாறிப்போனது.

"என்ன மயினி, வேம்பார்ல யாரு செத்தா? சொல்லுங்க, கோடித்துணி எடுத்துட்டுப் போவணும்லா."

"அண்ணாச்சி, மாதா மேல சத்தியமா அது நான் சொல்லல..."

"ஒங்க தொண்டைதான?"

"என் தொண்டைதான்."

"ஒங்கய்யா ஊதுனதுதான?"

"ஐயா ஊதுனதுதான்."

"பெறவு நீங்க இல்லைன்னா யாரு, பிசாசா?" என்றார் தொம்மை. கூட வந்த ஒருவன், "அண்ணாச்சி, நம்ம சீலா எல்லாம் தடால்னு போயிட்டு" என்றான். சிரிக்கத்தான் சொன்னான், ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர்கள் போனதும் பாண்டியராஜிடம் போய் நின்றாள். "தம்பி, இது சாவு மெட்டு. எடுத்துரச் சொல்லுங்க."

அவன் சென்னைக்குப் போன் போட்டான். நெடுநேரம் ஆமாம் சார், ஆமாம் சார் என்றான். வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மேடம், அதைக் கம்பெனி அடையாளமா ரிஜிஸ்டரே பண்ணிட்டாங்களாம். எல்லா ஊர்லயும் ஜனங்களுக்குப் பிடிச்சிருக்காம். ஊர்ப் பேரு சொல்றது இந்தக் கடற்கரைக்குன்னே செஞ்சதாம். நான் இங்க ஒரு சுவிட்சைக்கூடத் தொட முடியாது."

"அப்ப நான் வேலையை விட்டு நின்னுருதேன்."

"நில்லுங்க. ஆனா சங்கு நாள்லேர்ந்து நீங்க பேசினது அத்தனையும் கம்பெனிக்குச் சேர்ந்தாச்சு. நீங்க போனாலும் அது போயிட்டேதான் இருக்கும். நீங்க இருந்தா காலையில அந்தக் கொஞ்ச நேரமாவது உங்க கையில இருக்கு. பாத்துக்குங்க." அவன் மிரட்டலாகச் சொல்லவில்லை. அவனும் வீட்டை விட்டு வந்து லாட்ஜில் கிடக்கிறவன்தான்.

போனால் குரல் தனியாக அலையும். இருந்தால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். இருந்தாள். நேரடி நேரத்தில், "மக்கா, கிளாரினெட்டுக்கு அடியில டிரம் கேட்டா அது வெறும் விளம்பரம், நம்பாதீய" என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கே சென்னையிலிருந்து போன்: கம்பெனி அடையாளத்தை விளம்பரம் என்று இழிவாகப் பேசக் கூடாது. அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். ஆலந்தலை மக்களுக்கு, தருவைக்குளம் மக்களுக்கு, எந்த ஊருக்கென்றாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கரையில் பிள்ளைகள் ஒன்றையொன்று தள்ளிவிட்டுத் தடால் என்று கத்தி விளையாடின. நிஜமாகவே சாவு விழுந்தபோது அவள் பழைய மெட்டை, டிரம் இல்லாமல், இரண்டு தடவை போட்டாள். மோட்டார் இரைச்சலில் டிரம் உண்டா இல்லையா என்று யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

இஞ்ஞாசிக்குச் சர்க்கரை. காலில் புண் வைத்து ஆறாமல் கிடந்தார். ஒருநாள் காலை அவள் மைக் முன்னால் இருக்கும்போது ஊரிலிருந்து ஜெயஷீலா சித்தியின் போன் வந்தது. சித்தி அழுதாள். அழுகைக்கு நடுவில், "செல்வின் கடல்ல இருக்கான் ஏளா. அவனைக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள். மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள். "புன்னைக்காயல் மக்களுக்கு இந்தப் பாட்டு" என்றாள். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். உடைந்தால் நடிப்பு என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம். அப்பா ஊதினார். அப்பா சாவுக்கு அப்பாவே ஊதினார். மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். பாண்டியராஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றான், தடுக்கவில்லை. பிறகு பையை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினாள்.

செல்வின் வரவில்லை. அன்றைக்குச் சீலா தெற்கே ஓடியிருந்தது, அவன் வள்ளம் அதைத் துரத்திக்கொண்டு தூரம் போய்விட்டது. ஊரிலிருந்து ஒரு வள்ளம் தேடிப் போனது. கடலில் எங்கே என்று தேட? புண் வைத்த உடம்பு தாங்காது, பொழுது இறங்குமுன் எடுத்துவிட வேண்டும் என்றார் பங்குச்சாமி. பெட்டிக்குப் பின்னால் ஊத ஆளில்லை. ஊதுகிறவர் பெட்டிக்குள் இருந்தார். கல்லறை வாசலில் யாருடைய போனோ அடித்தது. ரிங்டோன் அந்த மெட்டுத்தான், டிரம்மோடு, தடால் என்று. வைத்திருந்தவன் அதை அமுக்க முடியாமல் சட்டைப்பையோடு பிடித்துக்கொண்டு ஓடினான்.

மகன் போட வேண்டிய முதல் மண்ணை மகள் போட்டாள்.

இருட்டுகிற நேரம் செல்வின் கரையேறினான். நல்ல பாடு, வள்ளம் நிறைய மீன். கரையில் ஏலக்காரர் ஒருவரும் இல்லை, அதிலேயே அவனுக்கு விளங்கியிருக்கும். ஈரத்துணியோடு வீட்டுக்கு வந்தான். காலியான கட்டிலைப் பார்த்தான்.

"லே செல்வின், ரேடியோ கேக்கலியா நீ?" என்றாள் அவள்.

"கேட்டேன்க்கா."

"கேட்டியா?"

"மூணு மட்டம் வந்துச்சு. எங்கக்கா காலையிலயே ஆரம்பிச்சிட்டான்னு சொல்லிச் சிரிச்சேன்." அவன் தரையில் உட்கார்ந்தான். "நான்தான் முதல்ல சிரிச்சேன்."

அவள் அவன் தலையில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவும் இல்லை, சாயவும் இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது, "வேலையை விட்டுருதேன்டா" என்றாள்.

"விட்டா? நீ இங்கன இருப்ப, அது அங்கன பேசும்" என்றான் செல்வின். அன்றைக்கு மத்தியானமும் தெருவில் ரேடியோ அவள் குரலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. செல்வின் வள்ளத்தில் ரேடியோவை அணைக்கவில்லை. கூட வருகிற ஆட்களுக்குப் பாட்டு வேண்டும். ஆனால் அதைத் தன் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டான் என்று பிறகு அவர்கள் சொன்னார்கள்.

அடுத்த சாவு புன்னைக்காயலிலேயே விழுந்தது. மேலத்தெரு ரோசலின் பெரியம்மை. அவள் மகன்கள் இருவரும் கடலில். போன் வந்தபோது ஞானசௌந்தரியின் நேரடி நேரம் முடியப்போகிறது. மெட்டைப் போட விரல் போயிற்று, நின்றது. அதைப் போட்டால் யாராவது ஒரு வள்ளத்தில் யாராவது ஒருவன் சிரிப்பான்.

காற்று எப்படி என்று சொல்லலாம், அதற்குத் தடையில்லை. மைக்கைத் திறந்தாள்.

"புன்னைக்காயல் கரையில இன்னைக்கு..."

அதோடு நிறுத்தினாள். மைக்கை மூடினாள். பாட்டையும் மூடினாள். கடல் முழுக்க ரேடியோ ஊமையாகிவிட்டது. வாக்கியத்தை முடித்துவிடாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அந்த அமைதி அதிக நேரம் நிற்கவில்லை. சத்தம் நின்றுபோனால் தானாகவே எதையாவது எடுத்துப் போட்டுவிடும்படி அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். சிவப்பு விளக்கு மினுங்கியது. பிறகு அறையில் அவள் குரலே கேட்டது, போன மாதத்துச் சிரிப்பு: "என்ன மக்கா, சாப்பிட்டாச்சா? மயினி வந்துட்டேன்லா, இனி என்ன கவலை!" தடால்.

அவள் பஸ் பிடித்துப் புன்னைக்காயல் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஒரே ஒரு வள்ளம் ஏறிக் கிடந்தது. செல்வின் வள்ளம். வருகிற வழியில், செத்தது யார் என்று தெரியாமலே, ரோசலின் பெரியம்மையின் மூத்த மகனைக் கண்டு கையசைத்துக் கூப்பிட்டு, தன் வள்ளத்திலேயே ஏற்றி வந்திருந்தான். இளையவன் எங்கிருக்கிறான் என்று தெரியவில்லை.

"எப்படிலே தெரிஞ்சுது?" என்றாள்.

"நீ பேச்சைப் பாதியில விட்டியே" என்றான் அவன். "பசில நான் வாசல்ல அழுதப்பவே விடாதவ." முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வலையைத் தூக்கினான். அப்பா போன பிறகு அவன் அவளிடம் தானாகப் பேசிய நாள் அதுதான்.

சாயங்காலம் பாண்டியராஜ் கூப்பிட்டான். சத்தமில்லாமல் போனதைச் சென்னையில் கண்டுபிடித்துவிட்டார்கள். இனி நேரடி நிகழ்ச்சி கிடையாது, காலை நேரத்தையும் முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிட வேண்டும். "நான் எவ்வளவோ சொன்னேன் மேடம்" என்றான். அவன் குரல் உண்மையாகத்தான் இருந்தது.

செல்வின் கேட்டுக்கொண்டு நின்றான். "இனி எப்படிக்கா கூப்பிடுவ?"

அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு ரோசலின் பெரியம்மை வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலை தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினாள். கூட்டம். டிரைவர் தலைக்கு மேல் ரேடியோ ஓடியது. "ஏ மயினி, இங்கனயும் இருக்கீய, அங்கனயும் இருக்கீய" என்று கண்டக்டர் சிரித்துக்கொண்டே சீட்டுக் கிழித்தார். அவள் சிரிக்க முயன்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மேலே அவள் குரல் பேசிக்கொண்டே வந்தது. எங்கேயாவது ஒரு இடத்தில் நின்றுவிடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அது ஒரு வாக்கியத்தையும் பாதியில் விடவில்லை.